கைப்பையில் இருந்த முந்நூறு மாத்திரை

மயங்கி விழுந்தவனிடம் விசா இருக்கிறதா என்று கேட்கிற ஊரின் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் தம்பி அல் அமீன் அந்த ஊருக்கென்று கிளம்பினவனே இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். நடுவில் அந்த ஊரில் இறங்கி, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, வேறு விமானம் பிடித்துக் குவைத்துக்குப் போக வேண்டியவன். விமான நிலையத்துக் கண்ணாடி வழியாகக்கூட அவன் அந்த ஊரைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டான்.

என் பெயர் ஆபிதா பானு. சங்கரன்கோவிலில், கழுகுமலை ரோட்டுப் பக்கம், நைட்டி தைக்கிற கூடம் ஒன்று வைத்திருக்கிறேன். எட்டுப் பெண்கள் தைக்கிறார்கள். என் வாயைப் பற்றி அவர்களிடம் கேட்டால் தெரியும். தையல் ஒரு விரல்கடை கோணினால் துணியைத் தூக்கி வாசலில் எறிவேன். உம்மா மவுத்தானபோது அல் அமீனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. வாப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். கடைக்காரன், வாத்தியார், வட்டாட்சியர் ஆபீஸ் கிளார்க் என்று எல்லாரிடமும் சண்டை போட்டுத்தான் அவனை ஆளாக்கினேன். அவனுக்கு நூருல் ஹுதாவைப் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைத்ததும் நான்தான். அதனால் இந்த வாயை நான் குறையாக நினைத்ததே கிடையாது.

முதல் போன் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கூடத்தில் மிஷின் சத்தம். நூருல் ஹுதா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் கையில் திணித்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் நம்ம ஊர்த் தமிழில் பேசினாள். பெயர் அனிட்டா, சொந்த ஊர் சிவகிரி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதறாமல் கேட்கச் சொன்னாள். இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பதறாது?

விமானத்துக்குக் காத்திருக்கிற இடத்தில் அல் அமீன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறான். மூளையில் ரத்தக்கட்டு. வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. விமான நிலைய டாக்டர் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கதவைத் தாண்டினால் அது வேறு நாடு. இவனிடம் அந்த நாட்டு விசா இல்லை. குடியேற்ற அதிகாரி வந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, மேலே பேசி, வைத்தியத்துக்காகப் பத்து நாள் அனுமதி என்று ஒரு தாளில் முத்திரை குத்தித் தர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. ஒன்றரை மணி நேரம், மூளையில் ரத்தம் உறைந்த மனுசன், ஸ்ட்ரெச்சரில், கதவுக்கு இந்தப் பக்கம். அவர்கள் சட்டம் அப்படி என்றாள் அனிட்டா. அந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டில் யாருக்கும் ரத்தம் உறையாதா என்று நான் கேட்டேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்.

எங்கள் வீட்டில் வேறு யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. உடனே போய் நிற்க ஆள் இல்லை. தூதரகத்துக்குப் போன் போட்டோம். ஒரு வாட்ஸப் நம்பர் கொடுத்து, எதுவானாலும் அதில் அனுப்பச் சொன்னார்கள். நூருல் ஹுதா தொழுகிற முசல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. எனக்கு அழுகை வருகிற இடத்தில் கோபம்தான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அனிட்டா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திப் பேசினாள். சாமான்களைப் பதிவு பண்ணுவதற்காக ஆஸ்பத்திரியில் அல் அமீனின் கைப்பையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே முந்நூறு மாத்திரை. அட்டைப்பெட்டி இல்லை, பில் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை, வெறும் பட்டை பட்டையாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற மாத்திரைதான், ஆனால் அந்த நாட்டில் அது போதை மருந்துப் பட்டியலில் இருக்கிறதாம். அவன் நல்லபடியாக இருந்திருந்தால் அந்தப் பை அவன் தோளிலேயே அடுத்த விமானம் ஏறியிருக்கும், நடுவில் யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். விழுந்ததால்தான் அவன் அந்த நாட்டுக்குள் போனான். அவன் போனதால் பையும் போனது. இப்போது கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்றாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். வலது கைதான் விழுந்துவிட்டதே, அதனால் நன்றாக இருக்கிற இடது கையைக் கட்டிலோடு விலங்கு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று. பேச்சு போனவன் ஒன்று வேண்டும் என்று கை காட்டக்கூட முடியாது.

"அக்கா, அது யாருக்குள்ள மருந்து, எந்த டாக்டர் எழுதுனது, அந்தச் சீட்டு வேணும். அது மட்டும் கெடச்சா போதும், நானே கொண்டு போயிக் குடுக்கேன்" என்றாள் அனிட்டா.

யாருக்குள்ள மருந்து என்று எனக்குத் தெரியும். பெட்டி கட்டினவள் நானாச்சே. இங்கே வெளிநாடு போகிறவன் வீட்டில் எல்லாம் நடக்கிறதுதான்: இவன் கொடுத்த மசாலாப் பொடி, அவன் கொடுத்த ஊறுகாய், இன்னொருத்தன் பிள்ளைக்கு மருந்து. பெரிய பெட்டி நிறைந்துவிட்டது. கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. தொங்குகிற தராசில் மாட்டிப் பார்த்தால் எட்டரை. உடனே அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கட்டி வைத்தேன். பேஸ்ட், சோப்பு, மருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். ஒன்றரை கிலோவையும் அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டு, பார்த்தாயா என்று நூருல் ஹுதாவிடம் பெருமை அடித்ததும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மாத்திரையைக் கொடுத்தனுப்பியது சுவிசேஷமுத்து சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மகன் எஸ்ராவும் அல் அமீனும் குவைத்தில் ஒரே கம்பெனி. எஸ்ராவுக்கு வேலை செய்கிற இடத்தில் விழுந்து, லீவில் ஊருக்கு வந்து திருநெல்வேலியில் முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போதை மாத்திரையை மகனுக்கு மருந்து என்று பொய் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்காமல் என் தம்பி தலையில் கட்டிவிட்டார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். விடிகிறவரை அதையேதான் வீட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நூருல் ஹுதா இரண்டு தடவை "மதினி" என்று ஆரம்பித்தாள். நீ சும்மா இரு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். பக்கத்தில் மருமகள் ஹெப்சி. தெருவில் நாலு வீட்டார் நின்றார்கள். நாலு வீட்டாரும் கேட்கட்டும் என்றுதான் பேசினேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாயால் பொய் சொல்லிப் போதை மாத்திரை கடத்துகிறீர்களா என்று கேட்டேன். என் தம்பி கையில் விலங்கு, நீங்கள் ஜெபம் பண்ணக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த மனுசர் முகம் வெளிறிப்போய், "யம்மா, நான் சீட்டு உள்ள வச்சிருந்தேனே" என்று ஆரம்பித்தார். பச்சைப் பொய் என்று கத்தினேன். சீட்டு இருந்தால் என் கண்ணில் படாமல் எங்கே போகும் என்று கேட்டேன். ஹெப்சி அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். திருடனுக்குத்தான் கதவு வேண்டும் என்று சாத்தின கதவைப் பார்த்தும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டேனா? திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சுவிசேஷமுத்து என்பவர் டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், போதை மாத்திரை என்று தெரிந்தே, என் தம்பியை ஏமாற்றிக் கொடுத்தனுப்பினார், அவர் மகன் எஸ்ராவும் இதற்கு உடந்தை என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன். மனு வாங்கியதற்கு ரசீது தந்தார்கள். மனுவையும் ரசீதையும் போட்டோ எடுத்துத் தூதரக நம்பருக்கு அனுப்பினேன். என் தம்பி மேல் குற்றம் இல்லை என்று நிரூபித்துவிட்ட நிம்மதியில் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து நாள் அனுமதி அந்த வாரச் சனிக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, நர்ஸ் துணையோடு படுக்கையில் ஊருக்குக் கொண்டுபோகலாம், பேச்சுக்கும் கைகாலுக்கும் பயிற்சியை உடனே ஆரம்பிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விமான கம்பெனியும் சரி என்றது. குடியேற்ற ஆபீஸில் முடியாது என்றுவிட்டார்கள். இவன் பெயரில் வழக்கு இருக்கிறது, நாட்டை விட்டுப் போகக்கூடாது. அதே ஆபீஸில் இன்னொரு மேசையில், இவன் அனுமதி முடிந்தும் நாட்டில் தங்கியிருக்கிறான், அது தனிக் குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் குற்றம், போகவும் விடமாட்டோம். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் எங்கேதான் போவான்? நான் போனில் அந்தத் தூதரகத்துப் பையனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, சீட்டு கிடைத்ததா அம்மா என்று மட்டும் கேட்டான்.

புதன்கிழமை மத்தியானம் தலைவலி என்று கூடத்திலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேற்றுச் செருப்பு. உள்ளே நூருல் ஹுதாவும் ஹெப்சியும் தரையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு பச்சை பைலைத் திறந்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஹெப்சி எழுந்துவிட்டாள். இந்த வீட்டுக்குள் உன்னை யார் விட்டது என்று நான் ஆரம்பித்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டுதான் பேசினாள்.

"மாமா அன்னைக்கே குடுக்கத்தான் இருந்தாங்க. நீங்க போலீஸ்ல எழுதிக் குடுத்தபெறகு, எதையும் வெளிய குடுக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார். மாமாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்."

பைலைப் பார்த்தேன். திருநெல்வேலி டாக்டர் எழுதிய சீட்டு, எஸ்ராவின் ஆபரேஷன் விவரம், மருந்துக் கடைப் பில், குவைத்தில் காட்டுவதற்கென்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் வாங்கிய கடிதம். எல்லாவற்றிலும் தேதி, முத்திரை. ஹெட்மாஸ்டர் ஆயிற்றே, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். இவ்வளவும் வைத்திருக்கிறவர் ஒரு நகலைப் பொட்டலத்தில் வைக்க வேண்டியதுதானே, அதற்கு என்ன கேடு என்று கத்தினேன்.

"வச்சாங்க மதினி" என்றாள் நூருல் ஹுதா.

அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். மருந்துப் பெட்டிக்கு உள்ளே, பாலிதீன் கவரில் மடித்து வைத்திருந்ததாம். நான் பெட்டியைக் கிழித்தபோது அது கீழே விழுந்ததாம். எல்லா மருந்திலும் வருகிற குப்பைக் காகிதம் என்று சொல்லிக்கொண்டே நான்தான் அதை அட்டைகளோடு சேர்த்துச் சாக்கில் போட்டேனாம். மறுநாள் நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. நான் சாக்கில் போட்டதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

கவர், மடித்த காகிதம், சாக்கு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. நான்தான். வேறு யாரும் இல்லை. கையை ஓங்கிக்கொண்டு அவளிடம் போனேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, உன் புருசன் கை விலங்கில் கிடக்கிறது, இத்தனை நாள் வாயில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"சொல்ல வந்தேன். பயமா இருந்துச்சு" என்றாள். "நீங்க சார் வீட்டுக்குப் போயிட்டு வந்தபெறகு இன்னும் பயமா ஆயிட்டு."

கூடத்துப் பெண்களுக்கும் தெரியுமாம். அவள் அவர்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள், நீயே சொல், நாங்கள் சொல்லமாட்டோம் என்று எட்டுப் பேரும் கையை விரித்துவிட்டார்கள். இத்தனை நாளும் என் கண் முன்னாலேயே உட்கார்ந்து நைட்டி தைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பைலில் இருந்த அத்தனையும் அன்றே அனிட்டாவுக்குப் போனது. மறுநாள் அவள் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் இல்லை. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். போலீஸ் அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்குக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். என் மனு. தூதரகம் வழியாகப் போய், அவர்கள் பாஷைக்கு மாற்றி, முத்திரையோடு உள்ளே இருந்தது. சீட்டு எதுவும் இல்லை, போதை மாத்திரை என்று தெரிந்தே கொடுத்தார்கள் என்று இவனுடைய சொந்த அக்காவே எழுதியிருக்கிறாள், இப்போது திடீரென்று சீட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். அந்த ஆள் மேல் கோபப்பட எனக்கு ஒரு வழியும் இல்லை.

அன்று சுவிசேஷமுத்து சார் வீட்டுக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை தெருவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. மனுவைத் திரும்பப் பெறுவதாக ஒன்று, மருந்துக் கவரை நானே குப்பையில் போட்டேன் என்று ஒன்று, இரண்டையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் படித்தார். பாதிக்கு மேல் அந்த நாட்டுக் குடியேற்ற ஆபீஸையும், விமான கம்பெனியையும், ஒன்றரை மணி நேரத்தையும் திட்டியிருந்தேன். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தார். கடைசியில் ஆறு வரிதான் மிஞ்சியது.

"நடந்ததை மட்டும் எழுதுங்கம்மா. மிச்சத்தை அங்கன யாரும் படிக்கமாட்டாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நோட்டரி வக்கீலிடம் அவரும் கூடவே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆறு வரி அங்கே போய், மொழி மாறி, குவைத்தில் எஸ்ராவிடம் விசாரித்து, வழக்கை மூடி, குடியேற்ற ஆபீஸ் தங்கியிருந்த குற்றத்தையும் தள்ளுபடி பண்ணி, போகலாம் என்று முத்திரை குத்தும்போது இருபத்தேழு நாள் முடிந்திருந்தது. கடைசிப் பதினைந்து நாளும் அவன் அங்கே கிடந்தது அந்த மனுவில் நான் போட்ட கையெழுத்தால். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் போலீஸ் காவலில் இருக்கிறவனிடம் வரவே இல்லையாம். அனிட்டா தன் வேலை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து எங்கள் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாளாம். ஒரு பெயரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திருவனந்தபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. தெரு முழுக்க ஆள். சுவிசேஷமுத்து சாரும் ஓரமாக நின்றார். கதவைத் திறந்ததும் அவனைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்து, பாதி ஆளாகிப் போயிருந்தான். இடது மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். டிரைவரும் இன்னொரு ஆளும் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அதன் கால் எங்கள் வாசல் கேட்டில் மோதியது. அவன் உடம்பு குலுங்கியது.

கண் தெரியவில்லையா, இது மனுசனா மூட்டையா என்று நான் டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். இன்னும் என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அல் அமீனின் இடது கை மேலே வந்தது. என்னைத் தொடத்தான் தூக்குகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவன் கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். கண்ணை இறுக மூடியிருந்தான்.

நூருல் ஹுதா எனக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் வந்து நின்றாள். கல்யாணமாகி வந்த பதினொரு வருஷத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சத்தம் போடாதீங்க மதினி. உங்க சத்தத்துக்குத்தான் அவங்க கையைத் தூக்குதாங்க."

சொல்லிவிட்டு அவன் கையை மெதுவாக இறக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே உள்ளே போனாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், ஆனால் எந்தக் குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.